ஏழரை ஆண்டுக் கணக்கு

பிப்ரவரி 13, வியாழன்

கோவை போய் வந்தோம். உடுமலையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை எழுபத்து நான்கு கிலோமீட்டர். வியாழன்தோறும் இவருக்கு மூச்சுப் பயிற்சி, வியாழன்தோறும் எனக்குப் பள்ளியில் விடுப்பு. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் பிப்ரவரியில் விடுப்புக் கேட்டால் தலைமை ஆசிரியர் முகம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

வண்டியைப் பற்றி எழுதிவைக்க வேண்டும். பதினான்கு வருட டீசல் வண்டி. ஏசி போட்டால் மேட்டில் இழுக்காது. போடாவிட்டால் கண்ணாடியை இறக்க வேண்டும். இறக்கினால் முன்னால் போகும் பேருந்தின் புகையெல்லாம் உள்ளே. உள்ளே சார்ஜர் செருகும் துளை செத்து ஒரு வருடம் ஆகிறது. இவர் தோளில் மாட்டியிருக்கும் ஆக்ஸிஜன் கருவிக்கு பேட்டரி மூன்று மணி நேரம்தான் வரும். இன்று பொள்ளாச்சி தாண்டும்போது ஒரே ஒரு கோடு மிச்சம் இருந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சுவரில் செருகினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த வாரம் டாக்டர் பார்த்துச் சொல்வார்.

மாவு அரைக்கவில்லை. ராத்திரிக்கு உப்புமா.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டர் ரேணுகாதேவி படங்களை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். இவருடைய நுரையீரலை நான் மூன்று வருடமாகப் பார்க்கிறேன். முன்பு மாவு தூவியது போல இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் கட்டியாக, சுண்ணாம்பு அப்பியது போல. பத்தொன்பது வருட ஃபவுண்டரி. வார்ப்பு ஆறியதும் மணல் அச்சை உடைத்து எடுக்கிற பிரிவில் இவர் சூப்பர்வைசர். அங்கே பறக்கிற தூள் உள்ளே போனால் வெளியே வராது. மாற்று நுரையீரலுக்கு இதயம் தாங்காது என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள்.

“ஈஸ்வரமூர்த்தி சார், நீங்க வெளிய உக்காருங்க. மேடம்கிட்ட சாப்பாடு பத்திச் சொல்லி அனுப்பறேன்” என்றார் டாக்டர்.

ஐந்து நிமிடம் பேசினார்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார், “என்ன சொன்னாங்க?”

“புரதம் நெறையச் சாப்பிடோணுமாமுங்க. முட்டை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க.”

வரும் வழியில் கிணத்துக்கடவில் வண்டியை நிறுத்தி முட்டை வாங்கினேன். இரண்டு அட்டை. அறுபது முட்டை. இருப்பது இரண்டு பேர்.

பிப்ரவரி 21, வெள்ளி

புது வண்டி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஹைப்ரிட் வண்டி. பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், ஒரு மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். பிரேக் போடும்போது வீணாகிற ஆற்றலைப் பேட்டரி பிடித்து வைத்துக்கொள்கிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும், ஏசி மட்டும் பேட்டரியில் ஓடும். புகை இல்லாமல் குளிர்ச்சி. இதைவிட இவருக்கு வேறென்ன வேண்டும்?

ஆளுக்கு மூன்று முட்டை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கணக்குப் போட்டேன். ஒரே வண்டி, பெட்ரோலிலும் வருகிறது, ஹைப்ரிடிலும் வருகிறது. விலை வித்தியாசம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். கோவைக்கும் உள்ளூருக்குமாக மாதம் ஆயிரம் கிலோமீட்டர், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். பெட்ரோல் வண்டி லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தால் எண்ணூறு லிட்டர். ஹைப்ரிட் இருபத்து மூன்று கொடுத்தால் ஐந்நூற்று இருபத்திரண்டு. லிட்டர் நூற்றியொரு ரூபாய் என்றால், வருடத்துக்கு இருபத்தெட்டாயிரம் மிச்சம். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வர ஏழரை வருடம்.

தாளை இவரிடம் காட்டினேன். முன்பெல்லாம் ஒரு லோடு இரும்புக்கு எத்தனை வார்ப்பு என்று வாயாலேயே கணக்குச் சொல்கிறவர். பார்த்த உடனே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது.

“காசக் குடுத்து ஏழரைய வீட்டுக்குக் கூட்டியாறேங்கற.”

“சனியனப் பத்திப் பேசாதீங்க. வண்டிய எப்படியும் பத்து வருஷம் வெச்சிருப்போம். ஏழரைக்குப் பொறவு எல்லாம் லாபந்தானுங்க.”

“பத்தா?” என்று கேட்டார்.

ரசம் பொங்குகிற வாசனை வந்தது. எழுந்து போனேன்.

மார்ச் 1, சனி

தாரணி சென்னையிலிருந்து பேசினாள். எங்களுக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்குச் சளி குறைந்ததா என்று கேட்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். ஐந்து மாதக் கர்ப்பிணி. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

“எதுக்கும்மா ஹைப்ரிட்? அது ரெண்டுங்கெட்டான். பெட்ரோலும் போடணும், பேட்டரியும் சுமக்கணும். எலெக்ட்ரிக் எடுங்க. கிலோமீட்டருக்கு ஒண்ணர ரூபாகூட ஆகாது. வரியும் கம்மி.”

“கரெண்டு எங்கிருந்து வருது? நெலக்கரி எரிச்சுத்தானே?”

“காத்தாலையும் இருக்குல்லம்மா? உடுமலையச் சுத்தி வேற என்ன இருக்கு?”

நியாயம்தான். மாடியில் நின்றால் எத்தனை காற்றாலை என்று எண்ணி முடியாது. ஆனால் வீட்டில் பெரிய ஆக்ஸிஜன் கருவி இரவு பகலாக ஓடுகிறது. மே மாதம் மின்வெட்டு வந்தால் வண்டியில் சார்ஜ் இருக்குமா, மூச்சு முட்டினால் கோவைக்கு ஓடிவிடலாமா என்று நான் உட்கார்ந்து நகம் கடிக்க முடியாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? “அப்பாவுக்குப் பெட்ரோல் வண்டிதான் பழக்கம்” என்றேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 9, ஞாயிறு

கோவையில் ஷோரூம் போனோம். நவநீதன் என்று ஒரு தம்பி, நல்ல பிள்ளை. இவர் மூக்கிலிருந்த குழாயைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் ஓட்டினேன், இவர் பக்கத்தில், தம்பி பின்னால்.

முதல் சிக்னலில் நின்றதும் எஞ்சின் அடங்கியது. ஏசிக் காற்று மட்டும் வந்தது.

“நின்னுபோச்சா?” என்றார் இவர்.

“இல்லீங்க சார், எஞ்சின் தூங்குதுங்க. தேவைன்னா அதுவே எந்திரிச்சுக்குமுங்க” என்றான் நவநீதன்.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. டிக், புஸ். டிக், புஸ். இவர் மடியிலிருந்த கருவி. அதன் மேல், மெல்லிய விசில் மாதிரி, இவருடைய மூச்சு. பழைய வண்டியின் இரைச்சலில் இத்தனை நாள் இது கேட்டதே இல்லை. சிக்னல் மாறும்வரை மனதுக்குள் எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து நான்கு வரும்.

“என்ற சத்தம் மட்டுந்தான் கேக்குது” என்றார் இவர். தம்பி பின்னால் கனைத்துக்கொண்டான்.

பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம் என்று சொன்னான். நெடுஞ்சாலையில் மைலேஜ் அவ்வளவு வராது, நகரத்தில் நின்று நின்று போனால்தான் முழு லாபம் என்று அவனே ஒப்புக்கொண்டான். மின்சார வண்டிக்கு இருக்கும் வரிச்சலுகை இதற்கு இல்லை என்றும் சொன்னான். பொய் சொல்லத் தெரியாத விற்பனைக்காரன்.

திரும்பி வந்துகொண்டிருந்தோம். கோமங்கலம் தாண்டியதும் இவர் கேட்டார்.

“அந்தப் பேட்டரிக்கு உலோகம் எங்கிருந்து வருது?”

“எங்கியோ வெளிநாட்டுல. தோண்டி எடுக்கறாங்க.”

“தோண்டறவன் மூக்குல துணியாச்சும் கட்டியிருப்பானா?”

எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டேன்.

“நாங்க வார்த்தது பூராம் காருக்குத்தான் வாணி. பிரேக் டிரம், எஞ்சின் சாமான். வண்டி ஓடறப்ப வர்ற பொகையத்தான் எல்லாரும் பேசறீங்க. செய்யறப்ப வர்றதை எவன் கணக்குல எழுதறது?”

இவ்வளவு நீளமாகப் பேசியதில் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. “சரிங்க, பேசாதீங்க” என்றேன். எனக்கும் தெரியாததில்லை. ஹைப்ரிட் வண்டியைச் செய்வதில் சாதாரண வண்டியைவிடப் புகை அதிகம், அதை ஓடித்தான் ஈடுகட்ட வேண்டும். எத்தனை கிலோமீட்டர் ஓடினால் ஈடாகும் என்று ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண் சொல்கிறது. ஒன்று மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது. அந்த வண்டி நிறைய வருடம் ஓட வேண்டும்.

மார்ச் 12, புதன்

விடைத்தாள் திருத்திவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். பெட்ரோல் இதே விலையில் நிற்கப் போகிறதா என்ன? நூற்றைம்பது என்று வைத்தேன். ஐந்து வருடம் வந்தது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்பதை இரண்டாயிரமாக்கினேன். இரண்டரை வருடம்.

மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நாங்கள் எங்கே போவோம்? தெரியவில்லை. இரண்டரை வந்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

மார்ச் 15, சனி

முன்பதிவு செய்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் வேலை என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் கோவை போனேன். பணம் இவருடைய பி.எஃப். பணம். என் கணக்கில் போட்டு வைத்திருந்தார். “இது உன்ற பொறவு காலத்துக்கு” என்று சொன்னது. வண்டி எடுத்தால் அதில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

நவநீதன் தயங்கினான். “மேடம், ஹைப்ரிடுக்கு வெயிட்டிங் இருக்குதுங்க. அஞ்சு மாசம். ஆகஸ்டு ஆயிருமுங்க. பெட்ரோல் மாடல்னா வெள்ளை ஒண்ணு யார்டுலயே நிக்குது, அடுத்த வாரமே எடுத்துக்கலாமுங்க. சாரைப் பாத்தா… அதனால சொல்றேனுங்க.”

“சாருக்கு என்ன?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

“இல்லீங்க மேடம்.”

“ஆகஸ்டே வரட்டும். அவசரமில்ல.”

கையெழுத்துப் போட்டேன். ஐம்பதாயிரம் கட்டினேன். திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. பொள்ளாச்சி வரை நன்றாகத் தூங்கினேன். பல நாளாயிற்று இப்படித் தூங்கி. ஏழரை வருடம் ஓட வேண்டிய வண்டியை வாங்கியிருக்கிறேன். ஒரு வண்டியை ஏழரை வருடத்துக்கு வாங்குகிறவள் வீட்டில் என்ன ஆகிவிடும்?

மார்ச் 27, வியாழன்

எடை நாற்பத்தெட்டு. போன மாதம் ஐம்பத்தொன்று. முட்டை சாப்பிடச் சலிக்கிறது என்கிறார். வெள்ளைக் கருவை மட்டும் தோசை மாவில் கலந்து ஊற்றுகிறேன், தெரிவதில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

வெயில் தாங்க முடியவில்லை. வண்டி ஏசியில் காற்று வருகிறது, குளிர் வரவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, “கம்ப்ரஸர் போச்சுங்க டீச்சர். மாத்துனா இருவத்தஞ்சாயிரம். இந்த வண்டிக்கு அது தேவைங்களா?” என்றார். ஆகஸ்டு வரைதானே, வேண்டாம் என்றேன். ஈரத்துண்டு நான்கை நனைத்து ஒரு பாத்திரத்தில் எடுத்துப் போனேன். போகிற வழியெல்லாம் இவர் முகத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்.

இவர் கருவிக்குக் கூட இரண்டு பேட்டரி வாங்கி வைக்கலாமா என்று யோசித்தேன். ஒன்றின் விலையைக் கேட்டதும் அதுவும் ஆகஸ்டு வரைதானே என்று விட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் உள்ளே, தீவிர சிகிச்சைப் பிரிவில். காலையும் மாலையும் பத்து நிமிடம்தான் விடுகிறார்கள். மிச்ச நேரம் என்ன செய்வது? எழுதுகிறேன்.

நேற்று ஈச்சனாரிக்கு முன்னால் தேங்காய் நார் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே சாய்ந்துவிட்டது. பத்தரை மணி இருக்கும். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. எங்கள் முன்னால் ஒரு பேருந்து, எஞ்சினை அணைக்காமல். கால் மணி நேரத்தில் எங்கள் வண்டியின் சூட்டு முள் சிவப்புக்குப் போயிற்று. அணைத்தேன். கண்ணாடியை ஏற்றினால் வெந்துபோவோம், இறக்கினால் புகை. ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன். இவர் கையைக் காட்டி, பதறாதே என்பது போலச் சைகை செய்தார். பேச மூச்சில்லை.

கருவி கூவ ஆரம்பித்தது. ஒரு கோடு.

இறங்கி ஓடினேன். ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டினேன். “சார்ஜ் போடோணுமுங்க, ஆக்ஸிஜன் மெஷினுங்க, என்ற வீட்டுக்காரருங்க.” சிலர் இறக்கவே இல்லை, ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ ஒரு வாடகைக் கார். டிரைவர் நான் முடிக்கும் முன்பே கதவைத் திறந்தார்.

“எங்கீங்க அவிய?”

பின்னால் உட்கார்ந்திருந்த பயணி, பெட்டியோடு விமானத்துக்குப் போகிறவர், ஒன்றும் பேசாமல் இறங்கி வெயிலில் நின்றார். டிரைவர் ஓடிவந்து இவரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். நாற்பத்தேழு கிலோ. கருவியை அவர் வண்டியில் செருகியதும் கூவல் நின்றது. ஆனால் இவர் முகம் அதற்குள் கருத்துவிட்டது. கண் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேல் எங்கோ பார்த்தது. நூற்றெட்டு ஆம்புலன்ஸ் எதிர்ச்சாலையில் ஏறி வர முக்கால் மணி நேரமாயிற்று. அதுவரை அந்த டிரைவர் இவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

எங்கள் வண்டி அங்கேயே நிற்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

வெள்ளைப் பெட்ரோல் வண்டியை எடுத்திருந்தால் மார்ச் கடைசியில் வீட்டுக்கு வந்திருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. யாரோ எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். தொன்னையைக் கசக்கிப் போட்ட பிறகுதான் இவர் இல்லாமல் சாப்பிட்டது உறைத்தது. தாரணிக்குச் சொல்லிவிட்டேன். கிளம்பி வருகிறேன் என்று அழுதாள். இத்தனை தூரம் வயிற்றோடு வராதே என்றேன். பிறகு, முடிந்தால் வா என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இவரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய முகமூடியை எடுத்துவிட்டு மறுபடி மூக்குக் குழாய். மதியம் நான் குளிக்கப் போயிருந்தபோது என் கைப்பேசியில் ஷோரூமிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ‘உங்கள் ஹைப்ரிட் வண்டிக்காகப் பொறுமையுடன் காத்திருப்பதற்கு நன்றி’ என்று. திரும்பி வந்தபோது கைப்பேசி இவர் நெஞ்சின் மேல் இருந்தது.

“எப்ப போட்ட?”

“மார்ச்சுல.”

“எப்ப வருது?”

“ஆகஸ்டு.”

இவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். இவர் திட்டி வருடக்கணக்காகிறது, அதற்கெல்லாம் காற்று வேண்டும்.

“வாணி. அன்னிக்கு டாக்டரு முட்டை மட்டுந்தான் சொன்னாங்களா?”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையையே பார்த்தேன்.

“சொல்லு.”

“ரெண்டு வருஷமுன்னாங்க. நல்லாப் பாத்துக்கிட்டா ரெண்டரை.”

சொல்லிவிட்டேன். ஐம்பத்தாறு நாள் வாய்க்குள் வைத்திருந்தது, ஒரு வாக்கியம்தான்.

“எனக்குத் தெரியும்” என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். “எங்கூட அந்தச் செக்ஷன்ல இருந்தவங்க மூணு பேரத் தூக்கிக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்திருக்கறேன். எனக்கு எண்ணத் தெரியாதா? பத்து வருஷம் ஓட்டுவோமுன்னு நீ சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ பொய் சொன்னா அடுப்படிக்குப் போயிருவ.”

“பொறவு ஏனுங்க ஒண்ணுங் கேக்கல?”

“கேட்டா நீ அழுவ. நீ அழுதா எனக்கு மூச்சு வாங்கும்.” சிரிக்கப் பார்த்தார். “அந்தப் பணம் உனக்கு வேணும். அதான் பேட்டரி, மண்ணு, தோண்டறவன்னு ஏதேதோ பேசிப் பாத்தேன். பொய்யில்ல, நெசந்தான். ஆனா அதுக்காவ மட்டும் பேசல.”

நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “ஆகஸ்டு வரைக்கும் காத்திருந்தது என்ற தப்பு. அந்த வெள்ளை வண்டி அன்னிக்கே கெடைச்சுது. கெடைச்சதை வேண்டாமுன்னேன். எடுத்திருந்தா…”

“எடுத்திருந்தா இன்னொரு நாளு இன்னொரு லாரி சாஞ்சிருக்கும். விடு.”

“விட முடியலீங்க.”

“சரி. விடாத. மொதல்ல அதக் கேன்சல் பண்ணு. ஓட்டுன வண்டி ஒண்ணப் பாரு, நாளைக்கே கெடைக்கற மாதர. ஏசி நல்லா இருக்கோணும், சார்ஜ் போடற எடம் இருக்கோணும், அவ்வளவுதான். ஏற்கெனவே செஞ்ச வண்டிக்கு இனி ஒருத்தன் நெஞ்சுல மண்ணு போவாது.”

ஏப்ரல் 18, வெள்ளி

டாக்டரிடம் மறுபடி கேட்டேன், இப்போது எவ்வளவு என்று. சொன்னார். எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நவநீதனைக் கூப்பிட்டேன்.

“மேடம், பேசிப் பாக்கறேனுங்க. ஆகஸ்டு வேண்டாம், ஜூலைக்கே வர வெக்கறேனுங்க.”

“ஜூலை நெம்பத் தூரம் தம்பி.”

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “முழுப் பணமும் திரும்ப வர்ற மாதிரி எழுதித் தர்றேனுங்க மேடம்” என்றான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். தாரணி வந்திருக்கிறாள். அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறாள், ஏழு மாத வயிற்றோடு. சொன்னால் கேட்பதில்லை.

பல்லடத்தில் ஒரு பழைய பெட்ரோல் வண்டி கிடைத்தது. ஐந்து வருடம் ஓடியது, சாம்பல் நிறம், லிட்டருக்குப் பதின்மூன்று கொடுத்தால் பெரிது. ஏசி சில்லென்று வருகிறது. சார்ஜர் துளையில் கருவியைச் செருகிப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசினேன். டீசல் வண்டியை உடைப்புக்குப் போட்டாயிற்று. தாரணிதான் கேட்டாள், “ஏம்மா, கடைசில பழைய பெட்ரோல் வண்டியா? நீயா?” அவளிடம் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். நாங்கள் ஓட்டப்போகும் கிலோமீட்டருக்கு எதை எதால் வகுப்பது என்று வந்தபோது நிறுத்திவிட்டேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள், என்னைப் போலவே.

மே 1, வியாழன்

இவர் படுக்கையை விட்டு எழவில்லை. மூச்சுப் பயிற்சிக்குப் போகவில்லை. வண்டியை வாசலில் வைத்து ஒருமுறை எஞ்சினை ஓட்டி அணைத்தேன்.

மே 8, வியாழன்

இன்று எழுந்தார். “போலாம். வண்டி வாங்கிப்போட்டு வாசல்லயே நிறுத்தி வெக்கறதா?” என்றார். தாரணியை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

வெளியே முப்பத்தொன்பது டிகிரி. உள்ளே மார்கழி மாதிரி இருந்தது. சாய்த்துப் போட்ட இருக்கையில் இவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, வழியில் தென்னந்தோப்பு வந்தால் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கிணத்துக்கடவு மேம்பாலத்தில் ஏறும்போது, “நல்லாத்தான் இழுக்குது” என்றார். கருவியில் எல்லாக் கோடும் இருந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக எனக்குத் தோள் இறங்கிற்று.

சுந்தராபுரம் சிக்னலில் சிவப்பு. நூற்றுப் பத்து வினாடி என்று காட்டியது. பள்ளியில் ஒவ்வொரு வருடமும் சுற்றுச்சூழல் நாளன்று பிள்ளைகளைச் சுவரொட்டி எழுத வைக்கிறவள் நான். சிக்னலில் எஞ்சினை அணைப்போம், காற்றைக் காப்போம். கட்டம் போட்டு, பச்சை மையில்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் இந்த வண்டியில் குளிர் நின்றுவிடும். இரண்டு நிமிடத்தில் உள்ளே சூடேறும். சூடேறினால் இவர் மூச்சு என்ன ஆகும் என்று ஈச்சனாரியில் பார்த்தாயிற்று.

பின்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. எங்கள் வண்டியை ஒட்டி ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிற பெண்ணுக்கு முன்னால் ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. எங்கள் வண்டிப் புகை நேராக அதன் முகத்துக்குத்தான் போகும். குழந்தை கையால் மூக்கைப் பொத்தியது. அம்மா துப்பட்டாவை இழுத்து அதன் முகத்தைச் சுற்றினாள். முன்னால் நகர இடமில்லை. பக்கத்தில் ஒதுங்கவும் இடமில்லை.

இவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

“அணைச்சிரு வாணி. பின்னால கொழந்தை நிக்குது.”

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து.

“ரெண்டு நிமிஷந்தான. நான் தாங்கிக்குவேன்.”

என் கை சாவி வரை போயிற்று. சாவி குளிர்ந்திருந்தது. பக்கத்தில் டிக், புஸ் என்று கருவி அடித்தது. கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டேன்.

“வாணி, உன்னத்தான்.”

காது கேட்காதவள் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் குழந்தை இருமியது கண்ணாடியில் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பச்சை விழ இன்னும் எழுபது வினாடி இருந்தது. நான் அணைக்கவில்லை.